மருத்துவர் பதில்கள்: கழுவக் கழுவத் திரும்பும் வெள்ளைப்படுதல்

கேள்வி: எனக்கு வயது 31. ஓராண்டாக வெள்ளைப்படுதல் இருக்கிறது. மாதவிலக்கு முடிந்த நாள்களில் மீன் வாடையும் வீசுகிறது. அரிப்பு இல்லை. மருந்துக்கடையில் பூஞ்சைக்கான மாத்திரை வாங்கி இருமுறை சாப்பிட்டும் பயனில்லை. கிருமிநாசினி கலந்த வெந்நீரால் நாள்தோறும் உள்ளே வரை கழுவுகிறேன். இரண்டு நாள் சரியாகி, பிறகு முன்னைவிட அதிகமாகிறது. உடல் சூடுதான் காரணம் என்கிறார் மாமியார். தயிர் தடவச் சொல்கிறார் தோழி. என் சுத்தத்தில்தான் குறையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் சுத்தத்தில் குறையே இல்லை, சகோதரி. இந்த வாடைக்குக் கூசி, உறவினர் வீட்டு விசேஷங்களுக்குக்கூடப் போகாமல் ஒதுங்கிவிடும் பெண்களைத் தொடர்ந்து பார்க்கிறேன் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கும் உடல் சூட்டுக்கும் தொடர்பில்லை.

பிறப்புறுப்பின் உட்பகுதி கிருமியே இல்லாத இடமன்று. அங்கே லாக்டோபாசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியா குடியிருப்பதை 1892இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் விவரித்திருக்கிறார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் உட்சுவரின் செல்களில் சேரும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருளிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உண்டு, இந்த பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. அதனால் அங்கே அமில-காரக் குறியீடு ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை இருக்க, பிற கிருமிகள் பெருக முடிவதில்லை. நீங்கள் நாள்தோறும் ஊற்றும் கிருமிநாசினி இந்தக் காவலைத்தான் கழுவி வெளியேற்றுகிறது.

காவல் குறைந்ததும், ஏற்கெனவே சிறு அளவில் இருக்கக்கூடிய கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா போன்றவை பெருகுகின்றன. இந்த நிலைக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று பெயர். உங்கள் விவரிப்பு இதற்குத்தான் பெரிதும் பொருந்துகிறது. பூஞ்சைத் தொற்றாக இருந்தால் பெரும்பாலும் அரிப்பு கடுமையாக இருக்கும், கசிவும் திரிந்த பால்போல் கட்டியாக வரும், வாடை இராது. பூஞ்சை மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் போனதில் வியப்பில்லை.

பரிசோதனைக் கூடத்தில் இந்தக் கசிவின் மேல் ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசலை விட்டால் அதே மீன் வாடை சட்டென எழும். கெட்டுப்போகும் மீனில் எழும் டிரைமெத்திலமீன்தான் இங்கும் காரணம். அது காரத்தில் ஆவியாகிறது. மாதவிலக்கு இரத்தமும் சற்றுக் காரத்தன்மை கொண்டது என்பதால்தான் அந்த நாள்களையொட்டி உங்களுக்கு வாடை கூடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், மிளகுப்பொடி தூவிய அப்பளம்போல் செல்லின் மேல் பாக்டீரியா அப்பி, அதன் விளிம்பே தெரியாமல் மங்கியிருக்கும்.

மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் மாலையும் 7 நாள் சாப்பிடுவது வழக்கமான சிகிச்சை. மருத்துவர் பரிசோதித்து எழுதித் தந்த பிறகே சாப்பிடுங்கள். குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் இது திரும்புகிறது. கிருமிகள் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு மருந்துக்குத் தப்புவதும், லாக்டோபாசில்லஸ் பழைய அளவுக்கு மீளாததும் காரணங்கள். இன்னொன்றும் உண்டு. கணவருக்கு மருந்து தேவையில்லை என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தோம்; ஆனால், 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், துணைவருக்கும் மாத்திரையும் மேற்பூச்சுக் களிம்பும் கொடுத்தபோது 12 வாரங்களில் நோய் திரும்பியவர்கள் 35 விழுக்காடு; பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 63 விழுக்காடு. ஆகவே கணவரையும் உடன் அழைத்துச் சென்று இதுபற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இது அவர்மேல் பழி சுமத்துவதற்காக அன்று.

தயிரைச் சாப்பிடுங்கள், தடவ வேண்டாம். பாலை உறைய வைக்கும் பாக்டீரியாவும் பிறப்புறுப்பைக் காக்கும் லாக்டோபாசில்லஸ் கிரிஸ்பேட்டஸும் வெவ்வேறு இனங்கள். அந்த கிரிஸ்பேட்டஸையே மருந்தாக்கி, மெட்ரோனிடசோலுக்குப் பின் உள்ளே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2020இல் வெளியானது. 12 வாரங்களில் நோய் திரும்பியது 45 விழுக்காட்டிலிருந்து 30 ஆகக் குறைந்தது. வீட்டுத் தயிரில் அதை எதிர்பார்க்க முடியாது.

உள்ளே கழுவுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். கருவுற்றிருந்தால் உடனே சொல்லுங்கள், ஏனெனில் இந்நிலைக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பரிசோதனைக்குப் போகும் நாளில், கூச்சத்தால் பலர் செய்வதுபோல் உள்ளே கழுவிவிட்டுப் போகாதீர்கள். கசிவை அப்படியே பார்த்தால்தான் மருத்துவரால் சரியாகக் கண்டறிய முடியும்.