கரைப்பான் முனைவுத்தன்மை: சராசரி சொல்லாததைக் குலுக்கல் சொல்லும்

கேள்வி: எதிரோட்டக் குரோமட்டோகிராஃபியில் (ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவ அடுக்குகளில் ஒன்றைச் சுருளில் நிறுத்தி, மற்றதை அதன் வழியே ஓட்டிப் பொருள்களைப் பிரிக்கும் முறை) தாவரங்களிலுள்ள பாலிஃபீனால்களைப் பிரிக்கிறேன். கரைப்பானின் முனைவுத்தன்மைக்கு எண் தரும் ஸ்னைடர் அளவுகோலில் ஹெக்சேன்–எத்தில் அசிட்டேட்–மெத்தனால்–நீர் 1:1:1:1 கலவையின் சராசரி 4.95, குளோரோஃபார்ம்–மெத்தனால்–நீர் 4:3:2 கலவைக்கு 5.79. இரண்டிலும் கீழடுக்கையே நகர்த்தினேன். பொருள்கள் வெளிவரும் வரிசை தலைகீழாகிறதே, ஏன்?

பதில்: ஹெக்சேன் கலவையில் கீழடுக்கு நீர்–மெத்தனால். குளோரோஃபார்ம் நீரைவிடக் கனம் என்பதால் அங்கே கீழடுக்கு கரிம அடுக்கு. நீங்கள் ஒன்றில் நீரடுக்கையும் மற்றதில் கரிம அடுக்கையும் ஓட்டியிருக்கிறீர்கள்; வரிசை புரளத்தான் செய்யும்.

சராசரி எண்ணை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது பிரியாத கலவையின் கணக்கு. கருவிக்குள் இருப்பதோ பிரிந்த இரண்டு அடுக்குகள். பொருள் எதை நாடுகிறது என்பதே கேள்வி. கரைப்பானின் குணமும் எண்ணில் தெரியாது. எத்தில் அசிட்டேட்டுக்கு 4.4, குளோரோஃபார்முக்கு 4.1. ஆனால் ஃபீனாலின் ஹைட்ராக்சில் தொகுதியை ஹைட்ரஜன் பிணைப்பால் எத்தில் அசிட்டேட் இழுத்துக்கொள்ளும் அளவுக்குக் குளோரோஃபார்மால் முடியாது.

பகிர்வுக் குணகத்தை, அதாவது பொருள் இரண்டு அடுக்குகளிலும் எந்த விகிதத்தில் பிரிந்து நிற்கிறது என்ற எண்ணை, அளந்து ஒப்பிடுங்கள். கலவையைப் பிரிபுனலில் நன்றாகக் குலுக்கித் தெளியவிட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் 2 மி.லி. எடுத்து 1 மி.கி. மாதிரியோடு மீண்டும் குலுக்குங்கள். தெளிந்ததும் இரண்டிலிருந்தும் 1 மி.லி. எடுத்து உலர்த்தி, ஒரே அளவு மெத்தனாலில் கரைத்து எச்.பி.எல்.சி.யில் (பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் வரைபட முகடாகக் காட்டும் கருவி) ஏற்றுங்கள். உலர்த்தாமல் கரிம அடுக்கை அப்படியே ஏற்றினால் முகடு சிதையும், விகிதமும் பொய்க்கும். நிலை அடுக்கில் (சுருளில் நிற்பது) கிடைத்த முகட்டின் பரப்பை நகரும் அடுக்கில் (ஓட்டப்படுவது) கிடைத்த முகட்டின் பரப்பால் வகுத்தால் வருவதுதான் அந்தக் குணகம், கே. அது 0.5 முதல் 2 வரை இருந்தால் வசதி. அடுத்தடுத்த இரு பொருள்களின் கே விகிதம் 1.5 ஆவது வேண்டும்.

100 மி.லி. சுருளில் நிலை அடுக்கு 70 மி.லி. தங்கினால் கே 1 உள்ள பொருள் 100 மி.லி.யில் வரும், கே 5 என்றால் 380 மி.லி. நிமிடத்துக்கு 2 மி.லி. ஓட்டத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல், முகடும் அகன்றுவிடும். ஹெக்சேன் கலவையில் இப்படி மேலடுக்கில் ஒட்டிக்கொண்டால் 6:4:6:4 பாருங்கள்: ஹெக்சேன் கூடி மேலடுக்கின் பிடி தளரும், மெத்தனால் கூடிக் கீழடுக்கு இடங்கொடுக்கும். கீழேயே போனால் 4:6:4:6.

குணகம் சரியாக இருந்தும் ஓட்டம் கெடுவதுண்டு. குலுக்கிய குழாய் 20 நொடியில் தெளியவில்லையென்றால் நிலை அடுக்கு நகரும் அடுக்கோடு கசியத் தொடங்கும். பியூட்டனால் கலவைகளில் இந்தத் தொல்லை அதிகம். அடுக்குகளைக் குளிரறையில் பிரித்துவிட்டு, சூடான கருவியில் ஓட்டினாலும் இதே கதைதான்.