ஊதாப் பூத்த குன்றில் மரம் ஏன் இல்லை?

கேள்வி: இங்கிலாந்தின் நோர்த் யோர்க் மூர்ஸ் பகுதிக்கு ஓகஸ்ற் மாதத்தில் சென்ற என் மகன் அனுப்பிய படங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாப் பூக்களே தெரிகின்றன, ஒரு மரத்தையும் காணவில்லை. மழைக்குக் குறைவில்லாத நாட்டில் இது எப்படி? அந்நிலம் நமது தரவையைப் போன்றதா?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: தரவையைப் போல அதுவும் கால்நடை மேயும் வெளிதான். ஆயினும் அது இயற்கையாகவே மரமற்றிருந்த நிலமன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் காட்டை அழித்தனர். பின்னர் ஆடுகளின் மேய்ச்சலும் தீயும் மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடவில்லை. வளங்குன்றிய அந்தப் புளிப்பு மண்ணில் முழங்கால் உயரத்துக்கு வளரும் ஹெதர் என்ற புதர்தான் நீங்கள் கண்ட ஊதாப் பூவுக்கு உரியது.

அங்கே தீ மூட்டுவது நம்மவர் சேனைக்குக் காடெரிப்பதைப் போன்றதன்று. வேட்டைக்காகப் பேணப்படும், கௌதாரியை ஒத்த சிவப்புக் கிரவுஸ் பறவை ஹெதரின் இளந்தளிரைத் தின்று வாழ்வதால், தளிர் புதிதாக வர வேண்டுமென்று முதிர்ந்த புதர்களைப் பட்டை பட்டையாக எரிக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. ஏனெனில் அம்மேட்டு நிலத்தின் உண்மையான செல்வம் பூவுக்குக் கீழே, ஈரத்தில் மக்காது தேங்கிய தாவரங்களால் ஆன பீற் எனும் கரிய மண்ணில் இருக்கிறது. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே வளர்வதால், ஒரு மீற்றர் சேர ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். அதை உருவாக்கும் ஸ்பாக்னம் பாசி, தன் உலர்ந்த எடையைப் போல 20 மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால், நனைந்த துணியைப் பிழிந்ததுபோல் நீர் வடியும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பீற் நிலத்தில் உரிமம் இன்றி எரிப்பதை 2021 இல் தடுத்தது நல்ல தொடக்கம்.

பாசியின் இடையே, நமது அழுகண்ணியின் இனத்தைச் சேர்ந்த செடியொன்று ஒட்டும் துளிகளால் பூச்சி பிடிக்கிறது. கோடையில் பொன் உப்புக்கொத்தி அங்கே கூடு கட்டுகிறது. மாரிகாலத்தில் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வருவது சைபீரியப் பக்கத்திலிருந்து புறப்படும் அதன் உறவினமான பசிபிக் பொன் உப்புக்கொத்தி. நம்மிடம் வரும்போது பெரும்பாலானவற்றின் வயிறு வெளிறியிருக்கும். ஏப்ரலில் திரும்புமுன் சிலவற்றில் அது கறுக்கத் தொடங்குவதை நீங்களே காணலாம்.