கணக்குப் பெட்டி: 165 கிலோ எப்படி வந்தது?

கேள்வி: கம்பம்மெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. தினமும் எடுக்கிற பச்சைக்காயின் எடையை நோட்டில் இருந்து எக்செலில் ஏற்றுகிறேன். பி2 முதல் பி7 வரை: 38, 42-500, 51, 47-250, 40, 36. நோட்டில் கூட்டினால் 254 கிலோ 750 கிராம். எக்செலில் =சம்(பி2:பி7) போட்டால் 165. கிலோவுக்கான எடுப்புக் கூலி ஜி1-இல் இருக்கிறது. =பி2*ஜி1 சரியாக வந்தது. அதைக் கீழே இழுத்தால் சில வரியில் 0, சில வரியில் #வேல்யூ! எங்கே தப்பு?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: சூத்திரத்தைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. தப்பு 42-500-இல் இருக்கிறது. நம் பக்கத்தில் கிலோவையும் கிராமையும் கோடு போட்டு எழுதியே பழகிவிட்டோம். எக்செலுக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து. சம் எழுத்தைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். 42.5-ம் 47.25-ம் போக மிச்சம்தான் அந்த 165. எழுத்தைப் பெருக்கச் சொன்னால் மட்டும் #வேல்யூ! என்று கத்தும். கத்துகிற பிழையைவிட இந்தக் கத்தாத பிழைக்குத்தான் நான் பயப்படுவேன்.

வண்டன்மேட்டில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதியபோது, ஒரு நாள் எடையை "31 கிலோ" என்று அடித்துவிட்டேன். மொத்தத்தில் அது சேரவே இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கின அம்மா, ஜீப் கிளம்புகிற நேரத்தில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே திரும்பி வந்தார். அவர் எண்ணியதுதான் சரி. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் 42.5 என்று புள்ளி வைத்து அடியுங்கள். கிலோ, ரூபாய் எல்லாம் தலைப்பு வரியில் இருக்கட்டும். நீங்களாக மாற்றாதவரை எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த 0. சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பி2 பி3 ஆகிறது. கூடவே ஜி1-ம் ஜி2 ஆகிவிடுகிறது. ஜி2 காலி. காலிக் கட்டத்தால் பெருக்கினால் 0 தானே? =பி2*$ஜி$1 என்று எழுதுங்கள். டாலர் குறி போட்டால் கூலிக் கட்டம் நகராது. (இங்கே தமிழில் இருக்கும் பி, ஜி, சம் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

சம்பளப் பணத்தை எண்ணும் முன் ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் =கவுன்ட்(பி2:பி7) போட்டுப் பாருங்கள். அது எண்களை மட்டும்தான் எண்ணும். இப்போது போட்டால் 4 வரும். 6 வந்த பிறகு பணத்தை எடுங்கள்.