இன்டெல் லேப்டாப்பில் எழுதிய சி++ நிரலை ராஸ்பெரி பை 5-இல் ஓடவைக்க, மறுபடி கம்பைல் செய்தால் மட்டும் போதுமா?

பை 5 என்பது இன்டெலுக்குப் பதில் ஆர்ம் வகை சிப் உள்ள ஒரு சின்னக் கணினி. அதில் கம்பைல், அதாவது சோர்ஸை அந்தச் சிப்புக்குப் புரியும் நிரலாக மாற்றுவது, பெரும்பாலும் தகராறு இல்லாமல் முடிந்துவிடும். அதோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தமிழ் உரைக் கோப்புகளில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று பட்டியல் போடும் சின்ன டெஸ்க்டாப் நிரல் ஒன்று வைத்திருந்தேன். மூன்று வருடம் இன்டெல் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பை 5 வாங்கியதும் அதிலேயே சோர்ஸை இறக்கிக் கம்பைல் செய்தேன். ஒரு எரர்கூட வரவில்லை. திறந்து பார்த்தால் ஆங்கிலச் சொற்கள் சரியாக இருந்தன, தமிழ் மட்டும் கேள்விக்குறிகளாக உடைந்து கிடந்தது.

ஃபான்ட் பிரச்சினை என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கடைசியில் காரணம் என் கோடில் இருந்த ஒரே ஒரு வரி. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். மூன்றுமே 127-க்கு மேற்பட்ட மதிப்புள்ளவை. நான் பைட்டை 'சார்' (char) வகை மாறியில் வாங்கி, 'பூஜ்யத்துக்குக் கீழே போனால் இது ஆங்கிலம் இல்லை' என்று சோதித்திருந்தேன். இன்டெல் லினக்ஸில் சார் என்பது -128 முதல் 127 வரை, அதனால் தமிழ் பைட் எப்போதும் மைனஸில் வரும். ஆர்ம் லினக்ஸில் அதே சார் 0 முதல் 255 வரை. மைனஸ் வரவே வராது. என் நிரல் ஒவ்வொரு தமிழ் பைட்டையும் தனித்தனி எழுத்தாக எடுத்து வெட்டிப் போட்டிருக்கிறது.

சி மொழியின் வரையறையே இதை அந்தந்த கம்பைலருக்கு விட்டுவிடுகிறது. அதனால் தப்பு என்னுடையதுதான், சிப்புடையது இல்லை. எம்1 மேக்கிலும் ஆர்ம் சிப்தான், ஆனால் அங்கே ஆப்பிள் சார் வகையை இன்டெல் மாதிரியே மைனஸோடு வைத்திருக்கிறது. எனவே மேக்கில் சரியாக ஓடியதை நம்பி பையிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. பைட்டுகளைக் கையாளும் இடத்தில் எல்லாம் மைனஸ் இல்லாத 'அன்சைன்ட் சார்' (unsigned char) என்று வெளிப்படையாக எழுதுங்கள். வார்னிங்குகளை முழுசாகப் போட்டுக் கம்பைல் செய்யுங்கள். 'இந்த ஒப்பீடு எப்போதும் பொய்' என்று கம்பைலரே சொல்லும். நான் அதைப் போடாமல் விட்டதால்தான் ஒரு மாலை போனது.

அப்புறம் த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள். ஒரு த்ரெட் தரவை எழுதிவிட்டு 'தயார்' என்று ஒரு பூலியன் கொடியைத் தூக்கும், இன்னொன்று கொடியைப் பார்த்துத் தரவை எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டெலில் எழுதிய வரிசையிலேயே மற்ற கோருக்கும் தெரியும், அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடுவோம். ஆர்மில் கொடி முதலிலும் தரவு பிறகும் தெரியலாம். ஆயிரத்தில் ஒரு முறை வரும் பிழை என்பதால் பிடிப்பது கொடுமை. அந்தக் கொடியை, இந்த வரிசை குலையாமல் காக்கும் அட்டாமிக் (std::atomic) வகையாக மாற்றுங்கள்.

பை 5-க்கே உரிய ஒன்றும் உண்டு. அதன் வழக்கமான கெர்னலில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மெமரி பேஜ், அதாவது மெமரியைப் பங்குபோடும் துண்டு, 16 கிலோபைட். எங்காவது இன்டெல் பழக்கத்தில் பேஜ் அளவை 4096 பைட் என்று நேரடியாக எழுதியிருந்தால் கோப்பை மெமரியில் மேப் செய்வது தோற்கலாம். எண்ணை எழுதாமல் சிஸ்டத்திடமே கேட்டு வாங்குங்கள்.

கம்பைலை பையிலேயே செய்வதைத்தான் நான் விரும்புகிறேன். நான்கு கோர் 2.4 கிகாஹெர்ட்ஸ், சின்ன நிரலுக்கு இது தாராளம். 4 ஜிபி ரேம் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புக்கு மேல் கம்பைல் செய்ய விடாதீர்கள், பெரிய சி++ கோப்புகள் ரேமைத் தின்றுவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று பாருங்கள். சோர்ஸ் இல்லாமல் பைனரியாக (ஏற்கெனவே கம்பைல் செய்த வடிவில்) மட்டும் வாங்கிச் சேர்த்த லைப்ரரி ஏதாவது உங்கள் நிரலில் இருக்கிறதா? இருந்தால், அதற்கு 64-பிட் ஆர்ம் பதிப்பு கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் மறுபடி கம்பைல் செய்தும் பயன் இல்லை. அந்த லைப்ரரிக்கு மாற்று தேட வேண்டும், இல்லையென்றால் இன்டெல் நிரலை ஆர்மில் ஓடவைக்கும் பாக்ஸ்64 மாதிரி எமுலேட்டர் வைத்து முழு நிரலையும் இன்டெல் பைனரியாகவே ஓட்டிப் பார்க்க வேண்டும்.