பிள்ளையின் பிரஷரும் இடுப்பளவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தரம் 5இல் படிக்கும் மகனைக் காய்ச்சலுக்குக் காட்டப் போனபோது பிரஷர் 118/76 என்று குறித்துக் கொடுத்தார்கள். "120/80க்குக் கீழேதானே" என்கிறார் கணவர். மகன் சற்றுப் பருமன். பேசாமல் இருக்கலாமா?
(ஒரு தாய், வெள்ளவத்தை)

120/80 பெரியவர்களுக்கான எல்லை. பதின்மூன்று வயதான பிறகுதான் அது பிள்ளைகளுக்கும் பொருந்தும். அதற்கு முன்னர் வயது, ஆணா பெண்ணா, உயரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் மகனின் வயதும் உயரமும் கொண்ட நூறு பையன்களைக் குருதி அமுக்கத்தின்படி வரிசையில் நிறுத்துங்கள். தொண்ணூறாவது பையன் வரை கவலையில்லை. அதற்கு மேலே கவனம் வேண்டும். 95ஆவது இடத்தை எட்டினால் உயர் குருதி அமுக்கம் என்று சந்தேகிப்போம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட விரைவு அட்டவணையில் பத்து வயதுப் பையன்களுக்கான எண் 108/72. அதை எட்டினால் நோய் என்று பொருள் கொள்ளக் கூடாது, முழு அட்டவணையில் பாருங்கள் என்பதற்கான அறிகுறி அது. எனவே உங்கள் கணவரின் கணக்கை ஏற்க முடியாது.

அதற்காக மகனை நோயாளி ஆக்கிவிடவும் வேண்டாம். காய்ச்சல், பயம், அழுகை எல்லாமே எண்ணை உயர்த்தும். காய்ச்சல் விட்ட பிறகு, வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளந்து உயர்வாகவே இருந்தால்தான் உயர் குருதி அமுக்கம் என்ற பெயரைச் சூட்டலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், வலது கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேச்சுக் கூடாது.

பெரும்பாலும் பிழை நேர்வது கையில் சுற்றும் பட்டியில்தான். உள்ளேயிருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதமும், நீளம் 80 சதவீதமும் இருக்க வேண்டும். "சின்னப் பிள்ளைதானே" என்று பருமனான கையில் சிறிய பட்டியைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். மெலிந்த கையில் பெரியவர்களின் பட்டியைச் சுற்றினால் பொய்யாக இறங்கும். பட்டியின் அளவு சரியா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள், அது மரியாதைக் குறைவு அல்ல. மணிக்கட்டில் கட்டும் கருவியைப் பிள்ளைகளுக்கு நான் நம்புவதில்லை.

மகளுக்குப் 12 வயது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் உயரத்துக்கேற்ற எடை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கை கால் மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கிறது. "வயதுக்கு வந்தால் வற்றிவிடும்" என்கிறார் அம்மம்மா.
(தெஹிவளை)

தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் செய்யும் அந்தப் பரிசோதனை நல்ல ஏற்பாடு. ஆனால் எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடற்திணிவுச் சுட்டிக்குக் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. தெற்காசியப் பிள்ளைகளிடம் இந்தக் குறை கூடுதலாக வெளிப்படும். ஒரே சுட்டியுள்ள ஐரோப்பியப் பிள்ளையைவிட நம் பிள்ளையின் உடலில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். புனேயில் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, எடை குறைந்த சிசுக்களிலேயே இந்தச் சாயல் தெரிந்தது. இலங்கைப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்களும், சர்வதேச எல்லைகளை மட்டும் நம்பினால் கொழுப்பு மிகுந்த பல பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள்.

மகளின் உயரத்துக்குச் சரியாக ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், அதைச் சுற்றிப் பாருங்கள். நுனிகள் சந்திக்காவிட்டால் வயிற்றுக் கொழுப்பு கூடுதல், குருதி அமுக்கத்தையும் அளக்க வேண்டும்.

குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. உயர்ந்த இன்சுலின், உப்பை வெளியே விடாதே என்று சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. பதற்ற நேரத்தில் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும் நரம்புகள் ஓய்விலும் விழித்திருக்கின்றன. குருதிக் குழாயைச் சுருக்கும் பொருளுக்கான மூலப்பொருளைக் கொழுப்புத் திசுவே சுரக்கிறது. இவை தாமாக வற்றிவிடும் என்று காத்திருக்க முடியாது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தாலோ, மகள் பெரிதாகக் குறட்டை விட்டாலோ, இன்னும் சீக்கிரம் வைத்தியரிடம் போங்கள்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் தராசு வாங்கலாமா?
(பம்பலப்பிட்டி)

வேண்டாம். அது பாதத்தின் வழியே சிறு மின்சாரம் செலுத்தி, உடலிலுள்ள நீரைக் கொண்டு கொழுப்பைக் கணக்கிடுகிறது. இரண்டு குவளை தண்ணீர் குடித்தாலோ, விளையாடி வியர்த்தாலோ எண் மாறும். உள்ளே இருக்கும் சூத்திரமும் பெரும்பாலும் வேறு நாட்டுப் பெரியவர்களுக்கானது. அந்தப் பணத்துக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறும் பந்தும் வாங்கி, மிச்சத்தைச் சேமியுங்கள்.

மகன் பாடசாலை றகர் அணியில் இருக்கிறான். எடை கூடுதல் என்கிறது அட்டவணை. அது தசைதானே?
(கொட்டாஞ்சேனை)

இருக்கலாம், மேலே சொன்ன நூல் சொல்லிவிடும். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருந்தால் எடையைப் பற்றி நச்சரிக்காதீர்கள். தசையுள்ள பெரிய உடலில் பிரஷரின் மேல் எண் (118/76 என்றால் 118) சிறிதளவு கூடுவது இயல்பு. ஆனாலும் விளையாட்டு வீரன் என்பதற்காக அளக்காமல் விடாதீர்கள். பயிற்சி முடிந்த கையோடு அளக்கவும் கூடாது.

காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூஷன். இடையில் கடை ரோல்ஸ்தான் சாப்பாடு. எதை நிறுத்துவது?
(இரண்டு பிள்ளைகளின் தந்தை, வெள்ளவத்தை)

நேர்மையான கேள்வி. காலி வீதியில் ரியூஷன் விடும் நேரத்தில் பேக்கரிக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டார்கள். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டு, இரவு ஏழு மணி வரை கதிரையில் இருக்கும் பிள்ளைக்குப் பசிக்கத்தான் செய்யும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. ரோல்ஸ், நூடில்ஸ் சுவைப் பொட்டலம், மிக்சர், பாடசாலை வாசலில் விற்கும் அச்சாறு, இரவுச் சம்பலின் மாசி, கருவாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முதலில் நூடில்ஸ் சுவைப் பொட்டலத்தில் பாதியைக் கொட்டிவிடுங்கள், பிள்ளைகள் சில வாரங்களில் பழகிவிடுவார்கள். ரியூஷன் பைக்குள் உப்புக் குறைத்து அவித்த கடலை, வாழைப்பழம், முட்டை வையுங்கள். மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் இல்லாமல் சாப்பிடச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அதை நான் கேட்கவில்லை. குளிர்பானப் போத்தல்களில் சீனிக்கான நிறக் குறியீடு 2016 முதல் இருக்கிறது. சிவப்பு என்றால் வீட்டுக்குள் வரக்கூடாது என்று பிள்ளைகளையே காவல் வையுங்கள். அவர்கள் உங்களைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள்.

இன்னொன்று, ஒரு ரியூஷன் வகுப்பைக் குறையுங்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் வியர்க்க ஓடியாடுவதும் ஒன்பது மணி நேரத் தூக்கமும் இல்லாமல் உணவை மட்டும் மாற்றினால் பலன் குறைவு.

எடை குறைந்தால் பிரஷர் இறங்குமா? மாத்திரை ஆயுள் முழுக்கவா?
(முகத்துவாரம்)

பெரும்பாலான பருமனான பிள்ளைகளிடம் இறங்கும். வளரும் வயதில் எடை ஏறாமல் நின்று, உயரம் ஏறினாலே போதும், பட்டினி போடவே வேண்டாம். நான்கு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் வெளியான பகுப்பாய்வில், சிறு வயதில் பருமனாக இருந்து வளர்ந்தபின் அப்படி இல்லாதவர்களுக்கு, உயர் குருதி அமுக்க ஆபத்து எப்போதும் மெலிந்தே இருந்தவர்களுடையதை ஒத்திருந்தது. வாழ்க்கைமுறை மாற்றம் பலனளிக்காதபோது, அல்லது அளவு மிக உயர்ந்திருக்கும்போதுதான் மாத்திரை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும், மெலிந்த உடலில் அமுக்கம் உயர்ந்த பிள்ளைக்கும் கதை வேறு. அங்கே சிறுநீரகத்தையும் இதயத்தையும் சோதிக்க வேண்டும். அப்படியானால் இந்தப் பகுதிக்கு எழுதிக் காத்திருக்காமல், குழந்தைநல வைத்தியரிடமோ, பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ காட்டுங்கள்.