கண்ணில் ஈ உட்கார்ந்தால் புழு வருமா? வந்தால் பெருகி மூளைக்குப் போய்விடுமா?

எல்லா ஈயாலும் வராது. தெலாசியா என்ற புழுவின் இளம்புழுவைச் சுமக்கும் ஈ, கண்ணீரை உறிஞ்ச வந்து உட்கார்ந்தால்தான் வரும். ஈயின் உடலுக்குள் சுமார் 2 முதல் 3 வாரம் வளர்ந்த பிறகே இளம்புழு அதன் வாய்ப்பகுதிக்கு வருகிறது. கண்ணில் இறங்கியபின் முழுப் புழுவாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஐரோப்பாவில் இதைப் பரப்பும் ஃபோர்டிகா என்ற சிறு பழ ஈக்களில் கண்ணீர் தேடி வருபவை ஆண் ஈக்கள்தான். மாட்டின் முகத்தை மொய்க்கும் ஈக்கள் பரப்புவது வேறு வகை.

புழு கண்ணுக்குள்ளேயே பெருகாது. அது போடும் குட்டிகள் வளர மறுபடி ஈயின் உடல் வேண்டும். ஆளிடமிருந்து ஆளுக்கு நேரே தொற்றாது, மூளைக்கும் போகாது. பயப்பட வேண்டியது கருவிழிக்குத்தான். புழுவின் தோலில் குறுக்கே ரம்பம் போல வரிகள் இருக்கும். அது நெளிய நெளிய கருவிழி சிராய்ந்து, கவனிக்காமல் விட்டால் புண்ணாகிப் பார்வை மங்கும். கண்ணைக் கசக்கவே கூடாது என்பது இதனால்தான்.

உறுத்தல், நீர் வடிதல், சிவப்பு, நூல் போன்ற பீளை இவைதான் அறிகுறிகள். பல நேரம் ஒவ்வாமை என்று நினைத்து சொட்டு மருந்திலேயே நாள் கடந்துவிடுகிறது. கீழிமையை இழுத்துப் பார்த்தால் 1 முதல் 2 செ.மீ. நீளத்தில் வெள்ளை நூல் ஒன்று நெளியும்.

அது வெண்விழியின் மேலே நகர்கிறதா, வெண்விழியை மூடிய மெல்லிய படலத்துக்கு அடியில் நகர்கிறதா என்பது மிக முக்கியம். அடியில் என்றால் ஆப்பிரிக்காவின் லோவா புழுவாகவோ கொசு பரப்பும் டைரோஃபிலேரியாவாகவோ இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். லோவா நுண்புழுக்கள் ரத்தத்தில் மிக அதிகமாக உள்ளவருக்கு அது மூளையைப் பாதிக்கலாம்.

தெலாசியா என்றால் கண் மருத்துவர் மரப்புச் சொட்டு விட்டு, ஃபோர்செப்ஸ் என்ற சிறு இடுக்கியால் எடுத்து, சலைன் என்ற உப்புநீரால் அலசுவார். மேலிமையைப் புரட்டி உள்மடிப்பையும், கூடவே மற்றக் கண்ணையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று வந்ததும் தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள். 2016-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் கண்ணிலிருந்து சுமார் 20 நாட்களில் 14 புழுக்கள் வந்தன. எல்லாம் வந்தபின் தொல்லை நின்றது. எடுத்த புழுவை 70% ஆல்கஹாலில் போட்டு ஆய்வகத்துக்குக் கொடுங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்து, எந்த வகை என்று உறுதிசெய்வது கடினமாகிவிடும்.