லேஸ் கட்டிவிட்டவர்

அன்புள்ள சார்,

நான் திருநெல்வேலிக்காரன். கனடாவில் கால்கரிக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் பார்த்து வளராதவன். இங்கே குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்ததாலும், மகளின் தொல்லையாலும் குளிர்கால ஒலிம்பிக்கைப் பார்க்கத் தொடங்கினேன். இப்போது ஸ்பீட் ஸ்கேட்டிங்கோ, பனியில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங்கோ, எது ஓடினாலும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒலிம்பிக் ஓவல் இருக்கிறது. தேசிய வீரர்கள் பயிற்சி செய்யும் இடம். குறிப்பிட்ட நேரங்களில் நாமும் காசு கொடுத்து உள்ளே போய் ஸ்கேட் செய்யலாம். ஒருநாள் மகளுக்கு ஸ்கேட்டிங் ஷூவின் லேஸ் கட்டத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உடம்பை வளைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண் வந்து, கீழே மண்டியிட்டு, கணுக்கால் ஆடாதபடி இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். நன்றி சொன்னேன், அவ்வளவுதான். பல மாதம் கழித்து டிவியில் கனடா சீருடையில் அதே பெண்! வீட்டில் நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார்.

இதை வாட்ஸப் குழுவில் எழுதினேன். "சச்சினே வந்து ஷூ மாட்டிவிட்ட மாதிரி அலட்டிக்கிறியே" என்றான் ஒருவன். "நமக்கும் பனிக்கும் என்னடா சம்பந்தம், இந்தியாவிலிருந்து போறவங்களே கடைசி இடம் வாங்கத்தான் போறாங்க" என்றான் இன்னொருவன். அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. ஆனால் அந்தச் சந்தோஷம் போக மாட்டேன் என்கிறது. இது வெறும் அற்பப் பெருமைதானா? ஒரு போட்டோ எடுத்து வைக்காமல் விட்டோமே என்ற வருத்தம் வேறு. இன்னொரு கேள்வி: உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தால் நேரில் போகலாமா, டிவி போதுமா?

எஸ்., கால்கரி

அன்புள்ள எஸ்,

அற்பப் பெருமை என்று எனக்குத் தோன்றவில்லை. லேஸ் கட்டிவிட்டபோது அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாதே. பிரபலம் என்று தெரிந்து போய் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் நண்பர் கேலி செய்யலாம். உங்களுக்குக் கிடைத்திருப்பது வேறு ஒன்று. அந்தப் பனித்தளத்தில் நீங்களும் நின்றிருக்கிறீர்கள். தடுமாறியிருப்பீர்கள், நிச்சயம் விழுந்திருப்பீர்கள். அதே தளத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை இனி டிவியில் பார்க்கும்போது உங்கள் முழங்காலுக்குத் தெரியும்.

இது சின்ன விஷயமில்லை. குளிர்கால விளையாட்டுகளுக்கு டிவி பெரிய அநியாயம் செய்கிறது. கேமரா வீரரோடு கூடவே ஓடுவதால் வேகம் செத்துவிடுகிறது. மலைச்சரிவு சமதரை மாதிரி தெரிகிறது. ஸ்கீ ஜம்பிங்கில் ஒருவர் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் மேடையை விட்டுப் பாய்கிறார். நமக்கோ அவர் சோம்பலாக மிதப்பதுபோல் தெரிகிறது. ஸ்பீட் ஸ்கேட்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் இருக்கும் ஆண்கள் 500 மீட்டரை 34 நொடியை ஒட்டி முடிக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேரத்தையும் சேர்த்தே சராசரி மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் 9.58 நொடியில் ஓடினாரே, அந்த ஓட்டத்தில் அவருடைய உச்ச வேகமே 45-ஐ எட்டவில்லை. இவர்கள் அதைவிட வேகமாக, ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய தடிமனுள்ள கத்தியின் மேல் நின்று, உடம்பைப் பனியை நோக்கிச் சாய்த்து வளைவில் திரும்புகிறார்கள். 400 மீட்டர் சுற்றை ஓரத்தைப் பிடித்துப் பிடித்து முடித்த ஒருவருக்குத்தான் இந்த எண்கள் உறைக்கும்.

நான் இதைத் தெரிந்துகொண்டது பனியில் இல்லை, சேப்பாக்கத்தில். 1983 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி டெஸ்ட் ஆட வந்திருந்தது. வலைப்பயிற்சியை வேடிக்கை பார்க்க எங்களைப் போன்ற பையன்களை ஏனோ யாரும் விரட்டவில்லை. பேட்ஸ்மேனுக்கு நேர் பின்னால், வலையை ஒட்டி நின்றேன். வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் ஓடிவந்து கையைச் சுழற்றியதைப் பார்த்தேன். அடுத்து வலை அதிர்ந்த சத்தத்தைக் கேட்டேன். நடுவில் பந்து என்று எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. அந்த டெஸ்டில்தான் ஒரு ரன்கூட வராமல் இரண்டு விக்கெட் போன நிலையில் கவாஸ்கர் உள்ளே இறங்கி, ஆட்டமிழக்காமல் 236 எடுத்தார். ஸ்கோரைப் பேப்பரில் எல்லோரும்தான் படித்தார்கள். எனக்கு ஒவ்வொரு ரன்னுக்கும் அந்தச் சத்தம் காதில் கேட்டது. அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்தும் வாங்கினேன், அது எந்த வீடு மாறும்போது தொலைந்ததென்று தெரியாது. ஆகவே போட்டோவுக்காக ரொம்ப வருத்தப்படாதீர்கள்.

அப்புறம், உங்கள் மகள் லேஸ் கட்டிக்கொண்டு இறங்கிய அந்தத் தளம் சாதாரண இடமில்லை. 1988 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. குளிர்கால ஒலிம்பிக்கில் கூரைக்கடியில் ஸ்பீட் ஸ்கேட்டிங் நடந்தது அங்கேதான் முதல்முறை. காற்றும் வெயிலும் உள்ளே வராது. ஊரே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிசு, எதிர்ப்பு குறைவு. உலக சாதனைகள் பலவும் அங்கேயும், இன்னும் உயரத்தில் இருக்கும் சால்ட் லேக் சிட்டியிலும் வந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

ஆனால் அந்த ஓவலை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது சாதனை இல்லை, டேன் ஜான்சன் விழுந்ததுதான். அமெரிக்கர், அப்போது 22 வயது, ஒன்பது பிள்ளைகளில் கடைசி. 500 மீட்டரில் தங்கம் வாங்கக்கூடியவர் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். போட்டி 1988 பிப்ரவரி 14 அன்று. அன்று காலையில் அவருடைய அக்கா ஜேன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். சாயங்காலம் இவர் பனியில் இறங்கினார். முதல் வளைவிலேயே கால் வழுக்கி விழுந்தார். நான்கு நாள் கழித்து 1000 மீட்டர். மிக நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர், ஏறக்குறைய 200 மீட்டர் மீதமிருக்கும்போது மறுபடி விழுந்தார். 1992-ல் அல்பேர்வில்லிலும் பதக்கம் இல்லை. 1994-ல் லில்லஹாமரில் 500 மீட்டரில் சறுக்கி எட்டாவது இடம். மிச்சமிருந்தது ஒரே ஓட்டம், 1000 மீட்டர். அதிலும் ஒரு வளைவில் தடுமாறினார், ஆனால் விழவில்லை. 1 நிமிடம் 12.43 நொடி, உலக சாதனை, தங்கம். தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். குழந்தைக்கு அக்காவின் பெயரைத்தான் வைத்திருந்தார்.

இதை இங்கே எழுதக் காரணம், அடுத்த முறை ஓவலுக்குப் போகும்போது அந்த வளைவுகளில் ஒன்றில் நின்று பாருங்கள். ஆட்டக்காரரை நேரில் சந்திப்பது மட்டும் சந்திப்பில்லை. லார்ட்ஸ் மைதானத்துக்கு வெளியே வெறும் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்ற தமிழர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! உங்களுக்கோ மதிலுக்கு உள்ளேயே இடம் கொடுத்து, வாடகைக்கு ஷூவும் கொடுக்கிறார்கள்.

இப்படி நடப்பது குளிர்கால விளையாட்டுகளில்தான் அதிகம். அவர்களில் பலரை நான்கு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் உலகம் பார்க்கிறது. மற்ற நாட்களில் அவர்கள் யாருடைய பக்கத்து வீட்டுக்காரரோ. 2018-ல் கர்லிங்கில் ஸ்வீடனைத் தோற்கடித்து அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியின் தலைவர் ஜான் ஷூஸ்டர், அந்த நாட்களில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2014 ஒலிம்பிக்கில் சொதப்பிய பிறகு, நாட்டின் பயிற்சித் திட்டத்தில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. தன்னைப் போலவே கழித்துவிடப்பட்டவர்களைச் சேர்த்து அணி அமைத்தார். அவரிடம் ஷூ அளவு கேட்டு வாங்கிப்போன வாடிக்கையாளர்கள் பிறகு டிவி முன்னால் போட்ட கூச்சல் உங்கள் வீட்டுக் கூச்சலுக்குக் குறைந்ததாக இருக்காது. கர்லிங் கிளப்புகளில் இது இன்னும் சகஜம். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கோப்பை பானம் வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே பழைய மரபு. மரியாதை என்பதைப் பாதுகாப்பு வளையத்தால் அளக்கும் நம்மூர் கிரிக்கெட்டைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நெதர்லாந்தில் கதை வேறு. அங்கே ஸ்கேட்டிங் வீரர்கள் உண்மையாகவே நட்சத்திரங்கள். ஹீரன்வேன் ஊரின் தியால்ஃப் அரங்கில் ஆரஞ்சு உடையில் கூட்டம், நடுவில் பேண்டு வாத்தியம், திருவிழாதான். ஆனால் அந்த நாட்டிலேயே, உறைந்த கால்வாய்களில் பதினோரு ஊர்களைச் சுற்றி சுமார் 200 கிலோமீட்டர் ஸ்கேட் செய்யும் பந்தயத்தில், 1986-ல் பட்டத்து இளவரசர் வேறு பெயரில் பதிவு செய்துகொண்டு சாதாரண ஜனங்களோடு ஓடி முடித்தார். இப்போது அவர்தான் அரசர். வழியில் அவரோடு இடித்துக்கொண்டு, 'தள்ளிப் போய்யா' என்று திட்டியவர் எவராவது இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, கடைசி இடம் விஷயம். இங்கே உங்களோடும் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் ஊரின் அந்த 1988 ஒலிம்பிக்கிலேயே ஷைலஜா குமார் என்ற இந்தியப் பெண் ஸ்லாலம் பனிச்சறுக்கில் இறங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் பெண் அவர். போட்டியை முடித்தவர்களில் கடைசி, 28-ஆவது இடம். கம்பங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் அந்த ஓட்டத்தில் பாதியில் தடம் தவறி வெளியேறியவர்கள் நிறைய. முடிப்பதே ஒரு காரியம்.

மணாலி பக்கத்தில் வளர்ந்த சிவ கேசவன் 16 வயதில் 1998 நாகானோவுக்கு இந்தியாவின் ஒரே வீரராகப் போனார். அவர் போட்டியிட்ட லூஜ் என்பது பனிக்குழாயில் சின்னச் சறுக்குவண்டியின் மேல் மல்லாந்து படுத்தபடி நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் சறுக்கும் போட்டி. இந்தியாவில் அதற்கு ஒரு தடம்கூடக் கிடையாது. வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிகளும் ஆட்டு மந்தைகளும் வரும் இமயமலைச் சாலைகளில் இறங்கிப் பழகினார். ஆறு ஒலிம்பிக். 2014 சோச்சியில், இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால், சொந்தக் கொடிகூட இல்லாமல் போட்டியிட்டார். அங்கே பயிற்சியின்போது வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, சறுக்கிக்கொண்டே மறுபடி அதன் மேல் ஏறிப் படுத்த வீடியோ யூடியூபில் இருக்கிறது. உங்கள் நண்பருக்கு அனுப்பிவையுங்கள். கூடவே, அவர் 2011-ல் ஆசியக் கோப்பையில் தங்கம் வாங்கியவர் என்பதையும் சொல்லுங்கள்.

கால்கரியிலேயே இன்னொரு கடைசி இடக்காரர் இருந்தார். எடி எட்வர்ட்ஸ், சுவர் பூசும் வேலை செய்துகொண்டிருந்த பிரிட்டிஷ்காரர். ஸ்கீ ஜம்பிங்கில் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு மூக்குக்கண்ணாடியோடு குதித்து இரண்டு போட்டியிலும் கடைசியாக வந்தார். கூட்டம் ஜெயித்தவர்களை விட்டுவிட்டு அவரைக் கொண்டாடியது. அதன் பிறகு ஒலிம்பிக் குழு, சர்வதேச அளவில் முதல் 30 சதவீதத்துக்குள் அல்லது முதல் 50 பேருக்குள் இருப்பவர்களுக்கே இடம் என்று விதியை இறுக்கியது. கழுத்து முறியக்கூடிய விளையாட்டில் அது நியாயமான விதி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் மூன்று தங்கம் வென்று அந்த ஒலிம்பிக்கை ஆண்ட ஃபின்லாந்துக்காரர் மாட்டி நுகானனின் பெயரை நம் ஊரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? எட்வர்ட்ஸைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை என்ன செய்வது என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

கடைசிக் கேள்விக்கு: நேரில் போங்கள், யோசிக்கவே வேண்டாம். உலகக் கோப்பைக்கு ஒலிம்பிக் அளவு நெரிசல் இருக்காது. உட்காரும் இடத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள். எல்லோரும் முடிவுக் கோட்டுக்கு எதிரே இடம் தேடுவார்கள், அங்கே நேரத்தைக் காட்டும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வளைவு முடியும் இடத்தில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே உட்காருங்கள். எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் உள்தடத்தில் வருபவரும் வெளித்தடத்தில் வருபவரும் இடம் மாறிக்கொள்வார்கள், அதையும் தவறவிடாதீர்கள். பனியைக் கத்தி அறுக்கும் சத்தத்தை மகளுக்குக் கேட்க வையுங்கள். உள்ளே நல்ல குளிர் இருக்கும், இரண்டு கம்பளி அதிகமாக எடுத்துப் போங்கள்.

அன்புடன்.